அக்கா அளவெடுத்த பன்னிரண்டு பிளவுஸ்

டாக்டருக்குப் படிக்கிற ஒருத்தி அளவெடுத்தால் பிளவுஸ் எப்படி இருக்கும் என்று எங்கள் சர்ச்சில் பாட்டுப் பாடுகிற பன்னிரண்டு பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அளவு துல்லியமாக இருக்கும். மூச்சுதான் விட முடியாது.

அளவெடுத்தது என் அக்கா. தைத்தது நான். கேரள எல்லையோரம் பாறசாலை ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் ஒற்றைக் கதவு வைத்த தையல் கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் அம்மாவுடையது. அந்த வருஷம் ஓணம் கழிந்து ஐந்தாவது வாரம் அம்மா இறந்துபோனாள். அதன்பிறகு கடை என்னுடையதாகிவிட்டது, நான் கேட்காமலே.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கணக்கு வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் கணக்கு டீச்சர் நடந்து வரும் சத்தம் கேட்டாலே நான் கக்கூஸுக்கு ஓடுவேன். ஒருநாள் அப்படியே வீட்டுக்கு ஓடி வந்தவள் பிறகு போகவில்லை. என் பங்குப் படிப்பையும் அக்காவே சேர்த்துப் படித்துவிட்டாள் என்று அப்பா சொல்வார். நுழைவுத் தேர்வு எழுதி, திருவனந்தபுரத்தில் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து, நாலாம் வருஷம் வரை ஒரு பரீட்சையிலும் தோற்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் முதல் வருஷ லீவுக்கு வந்தபோதே ஊர்க்காரர்கள் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இதுவரை நான் பார்த்ததெல்லாம் பிணம் மட்டும்தான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மாமா ஒருவர், “அப்பம் எனக்க காரியம் உனக்கு ஈஸியாக்கும் மக்கா. நான் உயிரோடல்லா இருக்கேன்” என்றார்.

அம்மா இறந்த வருஷத்து ஓணத்துக்கு வந்திருந்தபோது அம்மாவும் கேட்டாள். மெஷினை நிறுத்தி எழுந்து வந்து பாயில் படுத்துக்கொண்டு, “எட்டி, கொஞ்சம் அமுக்கிப் பாரு. வயறு கல்லு போல கெடக்கு” என்றாள். அக்கா ஒரு கையில் புத்தகத்தை விடாமல் பிடித்தபடி மறு கையால் இரண்டு இடத்தில் அமுக்கினாள். “ஒண்ணும் இல்லம்மா. வெறும் வாயு, காஸ்தான்” என்றாள். அம்மா எழுந்து போய் பிளவுஸின் மீதிக் கையைத் தைத்து முடித்தாள். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன்.

காஸ் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கு மரியாதை செய்ததுபோல ஆகிவிடும்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு அக்கா காலேஜுக்குப் போனாள். மூன்றாவது வாரம் ஓர் ஆட்டோவில் பெட்டி, படுக்கை, ஹாஸ்டல் வாளியோடு வந்து இறங்கினாள். வாளியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. லீவுக்கு வருகிறவர்கள் யாரும் வாளியை எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். வார்டில் ஒரு பரீட்சை. கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். அக்கா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, என்ன இருக்கிறது என்று பக்கத்தில் நிற்கும் சாருக்குச் சொல்ல வேண்டும். கை இறங்கவில்லை. வயிற்றுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. என்ன யோசனை என்று சார் கேட்டார். குளிர்ந்த கையை நோயாளி மேல் வைக்கக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள், கைக்குச் சூடு வரட்டும் என்று நிற்கிறேன் என்றாளாம். சார் மெச்சினார். ஐந்து நிமிஷம் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பத்து நிமிஷம் ஆனபோது கூடப்படிக்கிறவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஹாஸ்டலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பிறகு வார்டுக்குப் போகவில்லை.

கிறிஸ்மஸ் லீவு கழிந்து திரும்பி வந்து ஜனவரிக் கடைசியில் நடக்கிற பரீட்சைக்கு நிற்கவேண்டும் என்று காலேஜிலிருந்து கடிதம் வந்தது. நிற்காவிட்டால் அவள் கூட்டாளிகள் எல்லாம் முன்னால் போய்விடுவார்கள், அவள் பின்னால் வருகிற பிள்ளைகளோடு சேரவேண்டும். சேரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒருதடவை வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுபோவாள் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். அம்மா போய்விட்டாள். அக்காவின் படிப்பும் போய்விட்டால் அந்த வீட்டில் பெருமை சொல்ல ஒன்றுமே இருக்காது.

அப்பா விடிவதற்கு முன்னால் வெள்ளறடைப் பக்கம் ரப்பர் வெட்டப் போவார், திரும்பி வந்து கஞ்சி வைப்பார். அந்த இரண்டு மாதத்தில்தான் கஞ்சி வைக்கப் பழகினார். பழகி முடிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் நான் அக்காவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கிறிஸ்மஸ் தையல் வந்து குவிந்திருந்தது. சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்மஸ் கிடையாது. ஸ்டார் தூக்கமாட்டோம். புதுத்துணி எடுக்கமாட்டோம். கரோல் பாடி வருகிறவர்கள் எங்கள் வீட்டருகே வரும்போது மேளத்தை நிறுத்தி, தாண்டிப் போய்ப் பிறகு அடிப்பார்கள். ஆனால் அந்த ஊருக்கே புதுத்துணி தைப்பது நாங்கள். எங்களுக்கு மட்டும் இல்லாத பண்டிகைக்கு நாங்கள்தான் ராத்திரி பகலாக மெஷின் மிதிக்க வேண்டும். யோசித்தால் சிரிப்பு வரும். அப்போது வரவில்லை.

அக்காவுக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் வாய் இருந்தது. மெஷின் சத்தத்துக்கு மேலே ஹாஸ்டல் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

“ஒருத்தி உண்டு. பரீட்சை தொடங்கினா ஒரே சுடிதாருதான். ராசியான சுடிதாரு. துவைச்சா ராசி போயிரும். வைவாக்கு, வாய்ப் பரீட்சைக்கு, அவ போனா சாரு தள்ளி நிண்ணு ரெண்டே கேள்வி கேட்டுட்டு விட்டுருவாரு. எல்லாத்திலயும் பாஸ்.”

“அப்பம் ராசி உண்டுதான்.”

“நாத்தம் உண்டு. இன்னொருத்தி வாட்டர் டேங்கைச் சுத்தி நடந்து படிப்பா. நாங்க சன்னல்ல இருந்து எண்ணுவோம். நூறு சுத்து கழிஞ்சா இதயம் முடிஞ்சுது. இனி கிட்னி. கிட்னிக்கு அறுவது போரும்.”

“நீ என்ன செய்வ?”

“நான் சுத்து எண்ணுவேன்.”

இன்னொரு பையனைப் பற்றிச் சொன்னாள். படிக்கிற நோயெல்லாம் தனக்கு இருப்பதாக அவனுக்குத் தோன்றும். வாரத்துக்கு மூன்று நோய். ஒருநாள் சார் வருகைப் பதிவேட்டைத் திறந்து அவன் பெயரைக் கூப்பிட்டு, நீ இன்னும் சாகவில்லையா என்று கேட்டாராம். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான்.

“பெறவு?”

“பெறவு ஒரு வெள்ளியாழ்ச்ச வீட்டுக்குப் போனான். வரல்ல.”

நான் மெஷினை நிறுத்தினேன். “மனசுக்குப் பாக்குத டாக்டரு அங்க இல்லியா?”

“உண்டே. நல்ல டாக்டராக்கும். அவருதான் எங்களுக்குப் பாடமும் எடுப்பாரு, வைவாவும் எடுப்பாரு. இண்ணு அவருக்க முன்னால போய் அழுதா அடுத்த மாசம் பரீட்சையில பாத்துட்டு, ஓ அந்த அழுத பிள்ளையா, இருன்னு சொல்லுவாரு. யாரு போவா?”

சர்ச் பாட்டுக் குழுவின் பிளவுஸ் துணி அந்த வாரம் வந்தது. கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே சேலை, ஒரே பிளவுஸ். குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவரும் சேர்த்துத்தான் பன்னிரண்டு. நான் வெட்டுவதிலும் தைப்பதிலும் மூழ்கிக் கிடந்ததால் டேப்பையும் அளவு நோட்டையும் அக்கா கையில் கொடுத்தேன். டாக்டர் அளவெடுக்கிறாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்ததுபோலிருந்தது. கழுத்து அளவுக்கு நின்றவளிடம் எச்சில் விழுங்கச் சொன்னாள். அது கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். மார்பு அளவுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், இன்னும், இன்னும், நில்லுங்கள் என்றாள். எங்கள் கடையில் இப்படி ஒரு மரியாதை யாருக்கும் கிடைத்ததில்லை. ஒருத்தி, எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறதா என்று டேப்பைப் பார்த்துக் கேட்டாள்.

தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் உண்டு. அளவெடுக்கும்போது டேப்புக்கு உள்ளே, ஆளின் உடம்பை ஒட்டி, இரண்டு விரலை விட்டுக்கொண்டுதான் சுற்றுவோம். ஆள் மூச்சு விடவும் கை தூக்கவும் தேவையான இடம் அந்த இரண்டு விரல்தான். நோட்டில் எழுதுகிற அளவில் அது சேர்ந்தே இருக்கும். நான் அந்த அளவுக்கு அப்படியே வெட்டுவேன். இதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மூக்கால் மூச்சு விடு என்று யாராவது யாருக்காவது சொல்லிக் கொடுப்பார்களா.

அக்கா விரல் விடவில்லை. டேப்பின் இரண்டு நுனியையும் நகத்தால் பிடித்து, ஆளைத் தொடாமல் எடுத்தாள். நான் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் கடைசிப் பயிற்சி. எல்லோரும் புதுப் பிளவுஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். நல்லாத்தான் பொருந்தியிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பிளவுஸ் ஒவ்வொருத்தியையும் அப்படி நிறுத்தி வைத்திருக்கிறது. வீட்டில் ஹூக் மாட்டும்போதே எல்லோருக்கும் மூச்சு முட்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொருத்தியும், தான் மட்டும்தான் தடித்துப்போனோம் என்று நினைத்து வெட்கப்பட்டு, புருஷனிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

டீச்சர் கையைத் தூக்கினார். பாட்டின் முதல் அடி நீளமானது. அதற்கு நெஞ்சு நிறைய மூச்சு எடுக்கவேண்டும். எடுத்தார்கள்.

எங்கள் கடை ஹூக் அறுந்து போகாது. அது நான் வைத்தது. போனது அக்குளில். முதலில் வலது ஓரத்தில் ஒரு கிழிசல் சத்தம். அதைத் திரும்பிப் பார்க்கக் கை அசைத்த இரண்டாமவளுக்கு ஒன்று. பிறகு மழை தகரத்தில் விழத் தொடங்குகிறதுபோல அங்கொன்று இங்கொன்றாக. டீச்சரின் கை மேலேயே நின்றது. அவருக்குத்தான் பெரிய சத்தம்.

கையைக் கீழே இறக்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டீச்சர் கேட்டார். “யாரு அளவெடுத்தது?”

அக்கா வைவாவுக்கு நிற்பதுபோல எழுந்து நின்றாள். “நான்தான் டீச்சர்.”

“எப்படி எடுத்த?”

“மூச்சை முழுக்க வெளிய விட வச்சு எடுத்தேன் டீச்சர்.”

“பின்னே நாங்க பாடுகது எப்பம் மக்களே? செத்த பெறவா?”

சொன்ன பிறகு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சர்ச் முழுவதும் எங்களைப் பார்த்தது. அடக்கத்தன்று அம்மாவை அந்த இடத்தில்தான் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேர்தான் பாடினார்கள், அன்றைக்கு லூசான பிளவுஸில். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ ஏறி வந்தது. அழுகை என்று நினைத்து வாயைப் பொத்தினேன். சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. பெஞ்சில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அக்கா, “எடி, சும்மா இரு. எடி” என்று என் முதுகில் அடித்தாள். மூன்றாவது அடிக்கு அவளும் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள், அவளுக்கு மறுபக்கமும் கிழிந்தது. அதன் பிறகு யாரும் யாரையும் அடக்கவில்லை.

எங்களுக்கு நான்கு நாள் கிடைத்தது. எல்லா அளவையும் திரும்ப எடுத்து, அக்குளைப் பிரித்து, இடம் கிடைக்க ஒரு துணித் துண்டு வைத்துத் தைக்கவேண்டும். கடைக்கு வரச்சொல்ல எங்களுக்கு முகம் இல்லை. வீடு வீடாகப் போனோம்.

“டேப்புக்குள்ள ரெண்டு விரல் விடு” என்றேன்.

“நீ எடு.”

“நான் எழுதுவேன். நீதான் கெடுத்த. நீயே எடு.”

முதல் வீட்டில் அவள் விரல் பட்டதும் அந்தப் பெண் துள்ளினாள். “எம்மா, மீனு கணக்கா இருக்கு கை.” அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் டிசம்பரில் தண்ணீர் தொட்டால் கை இப்படித்தான் சில்லென்று ஆகிவிடும். “சேச்சி, ஒரு சாயா கிட்டுமா” என்று கேட்டேன். சூடான கிளாஸை அக்கா கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னேன். “இப்பம் தொட்டுட்டு எடுக்கப் போறேன், இப்பம் முதுகுக்கு வாறேன், கைய தூக்குங்க, அப்படிச் சொல்லிட்டே செய். யாருக்க மகளுக்குக் கல்யாணம்னு கேளு. ஆளு கல்யாணத்தைச் சொல்லுக நேரத்துல நீ வேலைய முடி.” நான் தினமும் பத்துப் பேரை இப்படித்தான் தொடுகிறேன். எனக்கு இது ஒரு வித்தை என்றே அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வீடு சாயா. கைக்காக வாங்கியதைக் குடிக்காமல் வைத்தால் தப்பாகிவிடும் என்று அவள் எல்லாவற்றையும் குடித்தாள். ஆறாவது வீட்டில் அளவு எடுப்பதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் எங்கே என்று கேட்டுவிட்டாள்.

ஏழாவது வீட்டு மாமி சர்ச்சில் ஒழுக்கத்துக்குப் பெயர் போனவர். இடுப்பு அளவுக்கு அக்கா கையைக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். சேலைக்கு உள்ளே வலது பக்கம் கெட்டியாக ஏதோ. டேப்பை விட்டுவிட்டாள். உள்ளங்கையை முழுசாக வைத்தாள். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

“இது எத்தற நாளா இருக்கு மாமி?”

மாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “அது கெடக்கட்டு” என்றார்.

“வலி உண்டா?”

“ஒரு வலியும் இல்ல.”

“மாமி, மறைக்கக் கூடாது. எத்தற நாளு?”

“இருவது வருஷம் இருக்கும். மெதுவா பேசு பிள்ளே. மாமனுக்குத் தெரியாது” என்று மாமி மடியை அவிழ்த்து ஒரு மூக்குப்பொடி டப்பியை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். “உங்கம்மைக்குத் தெரியும். அவதான் பாவாடையில எனக்கு உள்பை வச்சுத் தருவா.”

ரோட்டுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கினோம். ரப்பர்த் தோட்டத்துக்குள் இறங்கியதும் முடியவில்லை. ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டோம். பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்று என் முழங்கை பட்டு விழுந்தது. எங்கள் அம்மா, ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவள், இருபது வருஷம் மூக்குப்பொடிக்குப் பை தைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லவில்லை.

அக்காவின் கை ஒரு வயிற்றில் முழுசாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் நினைவு வந்து எடுத்துவிடுவாளோ என்று பயம். ஆனால் அவளுக்கே நினைவு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு டப்பி தெரிஞ்சுது. அம்மைக்க வயித்துல கெடந்தது தெரியல்ல. நான் சரியா கை வைக்கல்லடி. புக்க கீழ வைக்கக்கூட இல்ல. காஸ்னு சொல்லிட்டேன்.”

நான் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய அளவு நோட்டை எடுத்துப் போட்டேன். எங்கள் வீட்டு ஆட்களுக்குக் கடைசிப் பக்கம். அம்மாவுக்கு அளவெடுப்பது எப்போதும் நான்தான். முந்தின கிறிஸ்மஸ், ஈஸ்டர், ஓணம். மூன்று வரி. மூன்றும் என் கையெழுத்து. கைச் சுற்று ஒவ்வொரு தடவையும் குறைந்திருந்தது. இடுப்பு ஒவ்வொரு தடவையும் கூடியிருந்தது.

“கை மெலியுது, வயறு பெருக்குது, உனக்குக் கெழவி ஆக நேரமாச்சுன்னு சொன்னேன். அம்மை சிரிச்சா. நானும் சிரிச்சேன். நீ ஒருக்கா தொட்ட. நான் மூணு வாட்டி தொட்டு, எழுதியும் வச்சேன்.”

அக்கா நோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். “எங்க புக்குல அந்த நோய்க்கு இப்படித்தான் போட்டிருக்கும்” என்றாள். பிறகு, “நீ ஏன் இத்தற நாளும் சொல்லல்ல?”

“யாருட்ட? நீ வாளியோட வந்து படுத்துட்ட. ரெண்டுபேரும் படுத்தா யாரு தைக்க?”

“உனக்குத் தெரியாதுடி. நீ டாக்டரு இல்லல்லா.”

“நீயும் இல்ல. இதுவரைக்கும்.”

அதைக் கேட்டு அவள் முகம் ஒரு மாதிரி ஆகி, அழப்போகிறாள் என்று நான் பயந்து, இருவரும் அழுதோம்தான். ஆனால் நடுவில் அவள் மூக்கைச் சிந்த எடுத்தது டீச்சரின் பிளவுஸ் துணி. அதைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு பிடித்துக்கொண்டது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தாய் போன துக்கத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அன்றைக்கே ரோடு முழுக்கச் சொன்னாராம். பாதி உண்மைதான்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் பன்னிரண்டு பேரும் கையைத் தூக்காமல் நன்றாகப் பாடினார்கள். மறுநாள் அக்கா பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். கைப் பழக்கத்துக்கு என்னைப் பாயில் படுக்க வைத்தாள். எனக்குக் கூச்சம். விரல் வயிற்றைத் தொடுமுன் துள்ளிவிடுவேன். “ஈரலு எங்கன்னு பாக்கணும், ஒருநிமிஷம் செத்தது போல கெட” என்பாள். அவள் குனிவாள், நான் மீன்போல் துள்ளி அடுப்படி வரை போய்விடுவேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அப்பா மூன்றாம் நாள் எழுந்து வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் படுத்தார். “எனக்குக் கூச்சம் ஒண்ணும் கெடையாது. பாரு” என்றார்.

அக்கா கைகளைத் தேய்த்துக்கொண்டு, “இப்பம் தொடப்போறேன் அப்பா” என்று சொல்லி வைத்தாள். மேலிருந்து கீழாக, மெதுவாக. பாதியில் ஒரு சத்தம். அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா போனபிறகு அவர் தூங்கி நாங்கள் பார்த்தது அன்றுதான். அக்கா கையை எடுக்காமல் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு சைகை காட்டினாள், கஞ்சி கரிகிறது என்று.

ஜனவரியில் ஹாஸ்டலில் கொண்டுவிட நானும் பஸ்ஸில் கூடப் போனேன். நெய்யாற்றின்கரையில் வாந்தியெடுத்தாள். நான் எதிர்பார்த்து ஒரு பழைய தையல் பையைக் கையில் வைத்திருந்தேன். திரும்பிப் போகலாமா என்று கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

பரீட்சை நாளில் கடையைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரம் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் நோயாளிகளோடு வந்தவர்கள் இருந்தார்கள். பக்கத்தில் இருந்த சேச்சி, உள்ளே யார் என்று மலையாளத்தில் கேட்டாள். அக்கா என்றேன். என்ன சுகக்கேடு என்றாள். பரீட்சை என்றேன். அவள் தலையாட்டி, அது வந்தால் கஷ்டம்தான் என்றாள்.

மத்தியானம் கழிந்து அக்கா வெளியே வந்தாள். வெள்ளைக் கோட்டின் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தாள்.

“கை வச்சியா?”

“வச்சேன். கட்டில்ல அம்பூரிக்காரி ஒரு சேச்சி. மகளுக்குக் கல்யாணமான்னு கேட்டேன். மகளே இல்லன்னா.”

ஈரல் பெருத்திருந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டாள். மண்ணீரலைக் கண்டுபிடிக்கவில்லை. சார் அமுக்கி, இது என்ன என்று காட்டினாராம். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அந்தப் பெண் இவள் கையைப் பிடித்து, “ஒந்நும் இல்லல்லோ மோளே?” என்று கேட்டாள். ஒன்றும் இல்லைதானே என்று.

“நீ என்ன சொன்ன?”

“உண்டு சேச்சின்னு சொன்னேன். என்னன்னு எனக்கு முழுசாத் தெரியல்ல, தெரிஞ்சவங்க இஞ்ச உண்டு, அவங்க சொல்லாம வீட்டுக்குப் போயிராதீங்கன்னு. அவ அழுதா. நான் நிண்ணேன்.”

அவளைக் கையோடு இரண்டு நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போக நான் பெரிய பை கொண்டுவந்திருந்தேன். அப்பா மரச்சீனிக் கிழங்கு அவித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார். “துணிய எடு, மூணு மணிக்கு பஸ் உண்டு” என்றேன்.

“நீ போ. அந்த சேச்சிக்கு கூட ஆளு இல்ல. ஸ்கானிங்குக்குக் கொண்டுபோவாங்க. நான் பாத்துட்டு பெறவு வாறேன்.”

“எப்பம்?”

“தெரியல்ல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ரிசல்ட் மார்ச்சில் வந்தது, ஜெயித்திருந்தாள். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும். நான் வெறும் பையோடு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பாலராமபுரம் தாண்டும்போது எனக்கு அழுகை வந்தது. அம்மா போனபிறகு சிரிப்புக் கலக்காமல் அழுதது அப்போதுதான். பக்கத்தில் இருந்த பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். என் அக்கா பரீட்சைக்குப் போனாள் என்றேன்.

“தோத்துப்போச்சா?”

“தெரியல்ல” என்றேன். “ஆனா வீட்டுக்கு வரல்ல.”